தெளிய வைத்து இறுத்தல்

வியாழக்கிழமையே நிமிர்த்தி வைத்துவிட்டேன்.
வருடக்கணக்கில் படுத்தே கிடந்ததை எழுப்பினால்
மூன்று நாளாவது நிற்க விட வேண்டும்,
உள்ளே மிதப்பதெல்லாம் அடியில் போய் உட்காரும்வரை.
எவாசியோ அந்தப் பக்கமே வரவில்லை.
காப்பியைக்கூட முற்றத்துக்குக் கொண்டுபோய்
குளிரில் நின்று குடித்தான்.

ஞாயிறு மாலை.
ஆல்பாவுக்கு மேலே எங்கள் குன்று
பனிமூட்டத்துக்குள் எங்கேயோ போயிருந்தது.
ஆறரைக்கு டேலியாவும் அவள் கணவனும் வருவார்கள்.
லொடோவிக்கோ, மிலானில் வங்கி வேலை,
ஒயினைப் பற்றி வாய் திறந்தால்
சூப் ஆறிவிடும்.

லேபிளில் பரோலோ, 1978.
எங்கள் கல்யாண வருடம்.
ஓரங்களைப் பூஞ்சை தின்றிருந்தது.
மகளுக்குப் பட்டம் கிடைத்த அன்று, வெள்ளி விழா அன்று,
பேரன் பிறந்த அன்று
'இன்னும் ஆகட்டும், இன்னும் ஆகட்டும்' என்று
தள்ளிப் போட்டவன் இவன்தான்.
பொறுமைசாலி என்று பெயர்.

நாற்பத்தைந்து வருடக் கார்க்
பொலபொலவென்று உதிரும் என்று
இரட்டை நாக்குத் திறப்பானோடு தயாராக இருந்தேன்.
முழுசாக வந்தது.
"நம்ம நிலவறை அப்படி" என்றேன்.
எவாசியோ இருமினான்.

பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தி.
இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்:
சாய்க்க ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது.
பாதியில் நிமிர்த்தினால் அடி கலங்கும்,
மூன்று நாள் காத்ததும் வீண்.
வாசல் மணி அடிக்கட்டும், பால் பொங்கட்டும்,
கை அசையக் கூடாது.

அது அவனுக்குத் தெரியும்.
அந்த நேரம் பார்த்துச் சொன்னான்:
"ஓர்னெல்லா, அது அது இல்லை."

நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.
செங்கல் நிறத்துக்குக் காத்திருந்த கண்ணுக்கு
கொஞ்சம் அதிகக் கறுப்பு.

"நீ ஜெனோவாவில் ஒன்பது மாதம் இருந்தாயே,
அந்த நவம்பரில் குடித்துவிட்டேன். தனியாக.
நீ வர மாட்டாய் என்று நினைத்தேன்.
வருகிறேன் என்று போன் செய்தாய்.
கெட்டில் ஆவியில் லேபிளைக் கழற்றி
கூட்டுறவுக் கடை பார்பெரா ஒன்றில் ஒட்டினேன்.
தோள் ஒத்துப்போயிற்று."

கை அசையவில்லை.
குடுவையின் வயிறு நிறைய நிறைய
நான் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜெனோவா என்றால் என் அடியிலும் கொஞ்சம் உண்டு.
அதை யாரும் சாய்த்துப் பார்த்ததில்லை.

பிறகு வந்தது.
கழுத்தின் வெளிச்சத்தில் புகையின் வால் மாதிரி
முதல் கசடு.
நிறுத்தினேன்.

இருபத்துநாலு வருடம் இருட்டில் கிடந்தால்
நாலாயிரம் லிரா பார்பெராவும்
தன் பங்குக்கு மண்டி கட்டும் போலிருக்கிறது.
பொய் என்று அதற்கு யார் சொன்னது?
அது பாட்டுக்கு வயதாகியிருக்கிறது.

ஒரு மிடறு.
உலர்ந்த செர்ரி, நனைந்த தோல், நாக்கு நுனியில் இரும்பு.
மோசமில்லை.
மோசமில்லை என்பதுதான்
எனக்குக் கோபத்தை வரவழைத்தது.

"நிஜமானது எப்படி இருந்தது?"

"காடி" என்றான். "கார்க் கெட்டுப்போயிருந்தது."
கொஞ்சம் கழித்து,
"ஆனாலும் கடைசிவரை குடித்தேன்."

பனிக்குள் கார் விளக்கு இரண்டு
மங்கலாக வளைந்து ஏறின.
எவாசியோ குடுவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
செருப்பைக் கடித்துவிட்ட நாய் மாதிரி.

அடியில் நின்ற இரண்டு விரல்கடை மண்டியை
மாட்டிறைச்சிக் குழம்பில் கவிழ்த்தேன்.
காலி பாட்டிலைத் துடைத்து,
மேசையில் லொடோவிக்கோ உட்காரும் பக்கமாக
லேபிளைத் திருப்பி வைத்தேன்.