நான்காம் பக்கம்

நோட்டீஸ் ஒட்ட எனக்குக் கிடைத்த சுவர்கள் மூன்று:
புறநோயாளிப் பிரிவின் தண்ணீர்க் குழாய்க்கு மேல்,
மருந்துச் சீட்டு வரிசை வளைகிற மூலை,
தண்டையார்பேட்டை டீக்கடையில்
விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சாண்.

'இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவரா?
புதிய மருந்தின் ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை.'
கீழே என் எண்.
முதல் வாரம் ஒன்பது அழைப்புகள்.
ஆறு பேர் சம்பளம் எவ்வளவு என்றார்கள்.
ஒருவர், இருதுருவம் எந்தப் பக்கத்து
ஷிப்பிங் கம்பெனி என்று கேட்டார்.

வேண்டியவர்கள் நாற்பது. சேர்ந்தவர்கள் பதினொன்று.
வெள்ளிதோறும் மும்பையிலிருந்து வரும் மின்னஞ்சலில்
எங்கள் வரிசை மட்டும் மஞ்சளாக இருக்கும்.

அப்போது வந்தார் ரெமிஜியஸ்,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
உட்காரவில்லை.
"எங்க மேடம் கையெழுத்து?
மாத்திரை இன்னா, ஊசின்னாலும் ஓகே.
எங்க தெருவுல எட்டுப் பேர இட்டாறேன்.
நாலு நாளா தூங்கல. தூக்கமே தேவையில்ல,
அத்த நான் கண்டுபுடிச்சிட்டேன், அதையும் எழுதிக்க."
சட்டைப்பையில் தவணைக்கு வாங்கிய மூன்று போன்கள்
ஒன்றை ஒன்று அழைத்துக்கொண்டிருந்தன.

பேனா அவர் கையில் இருந்தது.
பன்னிரண்டு, என்று எண்ணிவிட்டது மனசு.
எண்ணவில்லை என்று சொல்லமாட்டேன்.
பிறகு பேனாவைத் திருப்பி வாங்கினேன்,
டாக்டர் அறைவரை கூடவே நடந்தேன்.
"சரின்னு சொன்னா வாணான்றியே,
இன்னா ஆளும்மா நீ" என்றார், வழி முழுக்க.

ஐந்து வாரம் கழித்து
அமலியின் கையைப் பிடித்தபடி வந்தார்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டதால் தாமதம்,
என்றது அமலி. அவர் எதுவும் சொல்லவில்லை.
படிவம் பதினேழு பக்கம்.
ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு,
ஈரத் தரையில் நடப்பதுபோல் படித்தார்.
மூன்று பக்கத்துக்கு முக்கால் மணி நேரம்.
நான்காம் பக்கத்தில் விரல் நின்றது:
'இம்மருந்தால் உங்களுக்குப் பயன் உண்டா
என்பது எங்களுக்குத் தெரியாது.'

"பாதிப் பேருக்கு சும்மா மாத்திரையா?"
ஆமாம். இப்போது சாப்பிடுவதை நிறுத்த மாட்டோம்.
"யாருக்கு எதுன்னு உனக்குத் தெரியுமா?"
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
"பதினாலு வருசமா எல்லாருக்குமே தெரியும்.
மச்சானுக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியும்,
தாயத்து கட்றவனுக்குத் தெரியும்."
அந்த வரியை இன்னொரு முறை தொட்டார்.

அமலி இரண்டே கேள்வி கேட்டது.
பஸ் காசு தருவீங்களா.
இவர் மறுபடி மேல ஏறிட்டா
ஆய்வு முடியட்டும்னு பார்த்துக்கினு இருப்பீங்களா.
முதல் கேள்விக்கு எண் சொன்னேன்.
இரண்டாவதற்கு, பதினோராம் பக்கத்தைப் பிரித்தேன்,
பிரித்ததை மூடிவிட்டு, மாட்டோம் என்றேன்.

படிவத்தை நான்காய் மடித்து
மீன் வாங்கும் பையில் வைத்தார்.
"வூட்ல வெச்சுப் படிக்கிறேன்.
அன்னிக்கு வந்தான்ல, அவனும் படிக்கணும்."

பதிவேட்டில் மூன்றே கட்டங்கள்:
சேர்ந்தார். தகுதியில்லை. மறுத்தார்.
இன்று வெள்ளிக்கிழமை.
ஓரத்தில், பென்சிலால், எழுதிவைத்தேன்:
படித்துக்கொண்டிருக்கிறார்கள்.