மூன்றாம் தரம்

பாம்பன் தெற்குவாடியில்
நண்டு ஏலம் ஆறேகாலுக்கு.
மாத்திரை ஐந்துக்கு.
நடுவில் எப்போதோ
என் கால்கள் என்னிடம் வந்து சேரும்.

அதற்கு முன்னால் எழுந்தால்
வாசலில் நின்றுபோவேன்,
பாலம் தூக்கியிருக்கையில்
மண்டபத்திலேயே நிற்கும் ரயில் மாதிரி.
உள்ளே அத்தனை பேரும் அவசரத்தில்.
சிக்னல் விழாது.

சூசை படகுக்கு அடித்த நீலப் பெயின்டின் மிச்சத்தில்
தரையில் கோடு கோடாய்ப் போட்டிருக்கிறார்.
கோட்டைத் தாண்டு என்றால் தாண்டுகிறது கால்.
நட என்றால்
யாரையோ சொல்வதாக நினைத்துக்கொள்கிறது.

மாத்திரையும் மீனும்
ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா.
மாத்திரை முன்னால் போகட்டும்,
அரைமணி கழித்து மீன்.
முப்பது வருஷமாய் மீன் முந்திக்கொண்ட வீடு.
சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை, எழுதிக் கொடுத்தார்.

போன ஆடியில்
இன்னொரு மாத்திரை சேர்ந்தது.
கடுகுக்கு அண்ணன் அளவுதான்.
வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக
ஆவணிக் கடைசியில் நானே தலை சீவினேன்.
சூசை கண்ணாடிக்குப் பின்னால் நின்று
பார்க்காததுபோல் பார்த்தார்.

அப்புறம்தான் அந்தக் கை.

சீப்பைத் தூக்க மறுத்திருந்த கை,
ராயப்பு விலை கூவியதும்
கேட்காமலே எழுந்தது.
நானூறு, எழுந்தது.
ஐந்நூறு, எழுந்தது.
கம்பெனி ஆளே பின்வாங்கிய விலைக்கு
நீலக்கால் நண்டு பதினாறு கூடை.
ஐஸ் உருகும்வரை வீட்டுமுன் நின்றன கூடைகள்.
நண்டுகூட என்னை ஏளனமாய்ப் பார்த்தது, கண் நீட்டி.

நஷ்டம் என்று தெரியும்.
மறுநாள் போகக்கூடாது என்றும் தெரியும்.
நாலு மணிக்கே விழிப்பு.
நெஞ்சுக்குள் யாரோ
ஒரு தரம், ரெண்டு தரம் என்று
கூவிக்கொண்டே இருந்தார்கள்.
வளையல் போனது. சூசையின் அவுட்போர்டு எஞ்சின்
அடகுக்கடைக்குப் போனது.

கணக்கு நோட்டை அவர் விளக்கடியில் விரித்தார்.
எழுத்து எறும்பாய்ச் சிறுத்திருந்தது,
தொகை திமிங்கிலம்.
கத்துவார் என்று காத்திருந்தேன்.
"சலேத்து, இது ஓன் எழுத்துதானா" என்றார்.
அதற்குத்தான் அழுதேன்.

டாக்டரம்மா சுற்றிவளைக்கவில்லை.
அடக்கமுடியாமல் எதையாவது வாங்குகிறீர்களா?
சூதாட்டம்? ராத்திரியில் தீனி? வேறு ஆசைகள்?
வேறு ஆசைகள் என்றபோது சூசை விசிறியைப் பார்த்தார்.
இது உங்கள் குணம் இல்லை, அந்த மாத்திரையின் வேலை,
சிலருக்கு இப்படி ஆகும்,
ஆரம்பத்திலேயே நான் சொல்லியிருக்கணும் என்றார்.
டப்பாவுக்குள் மடித்த காகிதத்தில் இருந்ததாம்,
இங்கிலீஷில்,
என் எழுத்தைவிடப் பொடி எழுத்தில்.

அன்றைக்கே கடலில் கொட்டிவிடலாம் என்றிருந்தேன்.
கூடாது என்றார்.
ஓடுகிற எஞ்சினை நடுக்கடலில் பட்டென்று நிறுத்தினால்
படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும் இல்லையா,
அப்படித்தான், என்று சூசையைப் பார்த்தார்.
சூசைக்குப் புரிந்தது. எனக்கு அவர் சொல்லிப் புரிந்தது.
கூட்டியதுபோலவே குறைத்தோம்.
அந்த வாரங்களில் உடம்பெல்லாம் எரிச்சல்,
உலகத்தின்மேல் கோபம்,
ஒரு நாள் குழம்புச்சட்டியை உடைத்தேன்.
தேதி போட்டு அதையும் எழுதிவைத்தார் சூசை,
டாக்டரம்மாவுக்குக் காட்ட.

தலையை இப்போது அவர்தான் சீவிவிடுகிறார்.
வகிடு கோணல்.
கோணலாகவே வாடிக்குப் போகிறேன்.
கொண்டல் காற்று, கை தானாக ஆடுகிறது,
ராயப்பு கூவுவதை நிறுத்துகிறார்,
நூறு பேர் முன்னால் கேட்கிறார்:
"அக்கா, நீ கேக்குறியா, கை கேக்குதா?"

சனம் சிரிக்கிறது. நானும்.
கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு
கூடையைப் பார்க்கிறேன்,
பெட்டை நண்டு அதிகம், சினை வேறு,
வேண்டாம்.

அடுத்த கூடைக்கு
வாயால் சொல்கிறேன்:
இருநூற்றெண்பது. நான்தான்.