இரண்டரைச் சுற்று

மழைக்குக் காத்திருப்போம் நாங்களும்,
வெள்ளாமைக்காரர்கள் காத்திருப்பது போல அல்ல.
மேற்கே வெள்ளியங்கிரிப் பக்கம் மின்னல் வெட்டினால்
மேனேஜர் கூப்பிடுவார்:
"சாமிதாசு, இன்னைக்கு ராத்திரி பார்த்துக்கோ."
பார்த்துக்கொள்வது என்றால்
சாயப்பட்டறைக்குப் பின்னால்
சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒளிந்திருக்கும் வால்வை
இரண்டரைச் சுற்று திருகுவது.
புதுவெள்ளத்தோடு நொய்யலில்
அன்றைய ஆர்டர் இறங்கும்.
ஒருநாள் நேவி புளூ, ஒருநாள் மெரூன்,
கிறிஸ்துமஸ் உடுப்புக்கு ஆடியிலிருந்தே சிவப்பு.
பதினோரு வருஷம்.
ராத்திரிக்கு ஐந்நூறு ரூபாய், புரோட்டா தனி.

பட்டறைக்குச் சீல் விழுந்த பிறகுதான்
ஆலயத்துக்கு ஒழுங்காய்ப் போனேன்.
கடைசி பெஞ்சு.
காணிக்கைப் பை வந்தால்
நகக்கண்ணில் தங்கிப்போன நீலத்தை
மடக்கிக்கொண்டு போடுவேன்.

எபனேசர் போதகர் ஒருநாள்
வண்டி நிறுத்தும் வேப்பமரத்துக்கே வந்துவிட்டார்.
"ஆத்துக்குக் கீழ, மொட்டக்காட்டுப்புதூர்ல,
பதினாலு வீட்டுச் சபை. நடத்த ஆளில்லை.
ஞாயித்துக்கிழமை நீங்க போறீங்களா?"

கீழே என்ற சொல் வயிற்றுக்குள் விழுந்தது.
எட்டாவதுதான் படிச்சனுங்க,
ஜெபம் பண்ணினா நாக்கு ஒட்டிக்குது,
ராகம் வராது, வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை,
என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.
கடைசியில் பெட்ரோல் டேங்கைப் பார்த்தபடி
வால்வைச் சொன்னேன்.
சித்தெ நேரம் அவர் பேசவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்ப வழி உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்றார்.

மூன்று ஞாயிறு போகவில்லை.
முதல் வாரம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்,
அடுத்த வாரம் நிஜமாகவே வந்தது.
வலையைப் போட்டது போட்டபடி எழுந்து போனவர்கள்
கரையில் விட்டது மீன்வாடை மட்டும்.
நான் விட்டது தண்ணீரோடு போய்
யார் யார் கிணற்றிலோ நிற்கிறது.
அதை விட்டுவிட்டு வா என்கிறாரா,
அதற்குள்ளேயே வா என்கிறாரா?
பதில் இல்லை.
மெஷினை நிறுத்தி வீட்டுக்கு வந்த பிறகும்
காதுக்குள் ஓடுமே, அதுபோல
கூப்பிட்ட குரல் மட்டும்.

நான்காம் ஞாயிறு கிளம்பினேன்.
ஆற்றை ஒட்டியே ரோடு.
அந்த முள்ளுப்புதர் தாண்டும்போது
கை தானாக ஆக்சிலேட்டரைத் தளர்த்தியது.
அப்புறம் தலையில்லாத தென்னைகள்.
எண்ண ஆரம்பித்து எழுபதோடு விட்டுவிட்டேன்.

பாவாத்தாள் வீட்டுச் சாளையில்தான் ஆராதனை.
"வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க."
சொம்பில் கேன் தண்ணீர், கேன் முப்பது ரூபாய்.
தொண்டையில் இறங்கவில்லை.
பாட்டுக்கூடத் தொடங்காமல் சொல்லிவிட்டேன்,
பதினாலு வீட்டுக்கும் கேட்கும்படி.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
மாசிலாமணி என்பவர் துண்டை உதறி எழுந்து போனார்.
இன்றுவரை அவர் திரும்பி வரவில்லை.
"ஒரு ஆடி நோம்பிக்குத் தண்ணி செவப்பா வந்துச்சே,
அது நீங்களா?" என்றார் பாவாத்தாள்.
"இருக்குமுங்க."
"சினை எருமைங்க. குடிச்சு செத்துப்போச்சு."
நான் நின்றுகொண்டே இருந்தேன்.
மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.
"வந்தது வந்தாச்சு, வேதத்தை எடுத்துப் படிங்க.
நாளைக்குக் கெணறு சேறு எடுக்கோணும்,
ஆள் பத்தலை."

அறுபதடி. தொடை வரைக்கும் சேறு.
மண்வெட்டி கீறிய இடத்தில் அடுக்கடுக்காய்
ஒரு விரற்கடை நீலம், ஒரு விரற்கடை மெரூன்,
எந்த ஆர்டர், எந்த ராத்திரி என்றுகூடச் சொல்லிவிடுவேன்.
நிமிர்ந்தால் வானம் ஒரு தட்டு அகலம்.

மேலேயிருந்து யாரோ
"சாமிதாசு!" என்று கூப்பிட்டார்கள்.
கூடைக்கா, கயிறுக்கா, தெரியவில்லை.
"இங்கதான் இருக்கறனுங்க" என்றேன்.
கிணறு அதை இன்னொருமுறை சொன்னது.