இறக்கத்தில்தான் குடிக்கும்

நான்தான் ஓடவிட்டேன், அண்ணி.
இன்னும் உன்னிடம் சொல்லவில்லை.
உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்,
அது வேறு.

நாற்பத்திரண்டு தேன்பெட்டிகள் பின்னால்.
கணவாய்க்கு மேலே பாறை சரிந்து
பாதை அடைத்துக் கிடந்தது.
எங்களுக்கு முன்னால் பதினொரு வண்டிகள்,
எல்லாம் உறுமிக்கொண்டே நின்றன, சூட்டுக்காக.
நீ மட்டும் சாவியைத் திருப்பி அணைத்தாய்.

"சும்மா நிற்கிற எஞ்சின்
சும்மா இருக்காது, மிர்லான்.
உட்கார்ந்த இடத்தில் எண்ணெய் குடிக்கும்.
குடித்ததைப் பிளக்கின் மூக்கில் துப்பும்."

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு
புல்டோசரைப் பார்க்கப் போய்விட்டாய்.
என் கால்விரல்கள் பூட்ஸுக்குள்
யாருடைய விரல்களோ ஆகிவிட்டன.
பத்து நிமிடம் என்றுதான் திருப்பினேன்.
ரேடியோ. முழங்காலில் வெந்நீர் போல ஒரு சூடு.
தூங்கிப்போனேன்.

எழுப்பியது சத்தம் அல்ல, சத்தத்தில் ஓர் ஓட்டை.
எட்டில் ஒன்று ஊமை.
கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.
வண்டி நொண்டியது, நின்ற இடத்திலேயே.
பதறி அணைத்தேன்.

நீ வந்தாய். பானெட்டில் உள்ளங்கையை வைத்தாய்.
காய்ச்சல் பார்ப்பதுபோல் வைத்து
அங்கேயே விட்டிருந்தாய், சற்று நேரம்.
"பிளக் ஸ்பேனரைக் கொடு."
அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாய்க் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாய்.
ஆறு பிளக்குகள் வறுத்த கோதுமை நிறம்.
நாலாவதும் ஆறாவதும் ஈரக் கறுப்பு.
எண்ணெயில் நனைந்த திரிதான் எரியும் என்று நினைத்திருந்தேன்.
நனைந்ததாலேயே அணைந்த திரியை
அன்றுதான் பார்த்தேன்.

ஸ்டவ்வைப் பற்றவைத்து, கம்பியில் கட்டி,
மீன் வாட்டுவதுபோல வாட்டினாய்.
நுனி சிவந்தது. கருகல் நாற்றம்.
புகைக்குள்ளிருந்து பீங்கான் வெளுத்து வெளியே வந்தது.
வெளுத்ததை அந்த இடத்தில் நீ மாட்டவில்லை.
"இது அடுத்த தடவைக்கு" என்று
புகையிலை டப்பாவில் போட்டுவிட்டு
அதிலிருந்தே வேறு இரண்டை எடுத்தாய்.
கழற்றியவற்றில் பதினொன்று என்றிருந்தது,
மாட்டியவற்றில் எட்டு.
எண் குறைந்தால் சூடு கூடும்,
இது ரஷ்யக்காரன் கணக்கு.
"எல்லாவற்றிலும் மாட்டினால் என்ன?" என்றேன்.
"ஒழுங்காக எரிகிறவனை ஏன் சுட வேண்டும்?"

ஏறும்போது புகைந்தால் ரிங்,
இறங்கும்போது புகைந்தால் வால்வு கைடு,
நமக்கு இரண்டும் என்று சிரிப்பாய்.
தேன் விற்ற காசில் எஞ்சினைப் பிரிப்போம் என்று
மூன்று வருடமாய்ச் சொல்கிறாய்.
முதல் வருடம் கூரை.
அடுத்த வருடம் பசுக்கள்.
போன வருடம் நான் கட்டாத கடன்.

"நுரிலா! வழி விட்டாச்சு!"
யாரோ முன்னாலிருந்து கத்தினார்கள்.

ஏற்றத்தில் எட்டும் பாடின.
நான் மூச்சுவிட்டேன். நீ விடவில்லை.
கணவாய் தாண்டியதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.
பெடலிலிருந்து காலை எடுத்தால்
எஞ்சின் காற்றுக்கு வாயைப் பிளக்கும்,
காற்று கிடைக்காமல் எண்ணெயை உறிஞ்சும்.
அதனால் கியரில் இறங்கியபடியே
வளைவுக்கு வளைவு
கிளட்சை அமுக்கி ஒரு மிதி,
தொண்டையைச் செருமிக்கொள்ளச் சொல்வதுபோல.
கண்ணாடியில் நீலமாய் ஒரு குஞ்சம் எழும்,
பள்ளத்தாக்கின் மீது கலையும்.
முப்பத்தேழு வளைவுகள். எண்ணினேன்.
பேச வேறெதுவும் இல்லாததால் எண்ணினேன்.

அடிவாரத்தில், ஆற்றோரம், விடியும் நேரம்
வண்டியை நிறுத்தினாய்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்:
"இந்தத் தடவை நீ அணை."

அணைத்தேன்.
பின்னால் நாற்பத்திரண்டு பெட்டிகளும்
ஓடிக்கொண்டே இருந்தன.