ஆறு தினார்

இரவு பதினொன்றே கால். மங்காப், ஐந்தாம் மாடி.
'காகிதம் சிக்கியுள்ளது' என்கிறது பிரிண்டர்,
வயிற்றில் ஒரு தாள்கூட இல்லாமல்.

அணைத்தேன். நூறு வரை எண்ணினேன். போட்டேன்.
தொண்டையைச் செருமி
ஒருமுறை புரண்டு படுத்து
சிவப்பு விளக்கோடு அதையே சொன்னது.

பின்மூடியைக் கழற்றினேன். தட்டை உருவினேன்.
மை டப்பா இரண்டையும்
நேற்றைய அரபி நாளிதழின் மேல் வைத்தேன்.
செல்போன் வெளிச்சத்தில்
பற்சக்கரங்கள், வெள்ளை கிரீஸ்,
சன்னல் சாத்தியிருந்தும் வந்துவிட்ட
ஜூன் மாதத்துத் தூசி, மாவு சலித்தது போல.
காகிதம் மட்டும் இல்லை.

"இருக்கும், நல்லாப் பாருங்க" என்றாள் நூர்ஜமீலா.
மிஷின் பொய் சொல்லாதென்று நம்புகிறவள்.
நான் அந்தக் கட்சியிலிருந்து
போன வாரம்தான் விலகினேன்:
இகாமா அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு
"மாஃபி வரக்" என்றார். தாள் இல்லை.
இருக்கிறதே என்று தூக்கிக் காட்டினேன்.
திரையை என் பக்கம் திருப்பினார்.
அதில் இல்லை.

அங்கே இருப்பது இல்லை,
இங்கே இல்லாதது இருக்கிறது.
நடுவில் நான், ஸ்க்ரூ டிரைவரோடு.
காலை ஏழரைக்கு மறுபடி அவர் முன் நிற்க வேண்டும்,
நிக்காஹ் சான்றின் அரபி மொழிபெயர்ப்பு, நான்கு நகல்.
கீழே டைப்பிங் கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.

இது சிவநேசனிடம் வாங்கியது.
வேலை போய், முப்பது நாளில் கிளம்ப வேண்டியிருந்த குடும்பம்.
ஃபிரிட்ஜை ஒரு மலையாளி எடுத்துக்கொண்டார்,
சோபாவை ஹாரிஸ்.
கட்டிலை யாரும் கேட்கவில்லை.
இதற்குப் பத்து சொன்னார், நான் ஆறு என்றேன்.
சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டித் தந்தார்.
எட்டாவது கொடுத்திருக்கலாமென்று
லிப்ட் ஐந்தாம் மாடிக்கு வருவதற்குள் தோன்றியது.
தோன்றியதோடு சரி.

பன்னிரண்டரை.
காது குடையும் பஞ்சுக் குச்சியால்
உருளை உருளையாகத் துடைத்து வரும்போது
இடுக்கில், நகக்கண் அளவு ஒரு கறுப்பு நாக்கு.
தாள் வந்தால் படுக்க வேண்டும், போனால் எழ வேண்டும்.
அவ்வளவுதான் அதற்கு உத்தியோகம்.
இது படுத்தே கிடந்தது.
நெம்பினால் எதிலோ ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
இடுக்கி கேட்டேன்.
புருவம் எடுப்பதைத் தந்தாள், திட்டிக்கொண்டே.

வந்தது
ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
அரக்கு நிறம். சின்னது.
எங்கோ ஓரமாகக் கிடந்து
இந்தக் கோடையில் பசை இளகி நழுவியிருக்கிறது.

எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிறவர் இல்லை.
சிவநேசனின் மனைவி பெயரை நான் கேட்டதே இல்லை.
ஒருமுறை லிப்டில் பார்த்திருக்கிறேன்,
இரண்டு கிலோ தயிர் டப்பாவோடு.
இதே மூடியைத் திறந்து இதே போல் குனிந்து
எந்தத் தாளுக்காக
உள்ளே தலையை விட்டாரோ.
பிள்ளையின் டி.சி.யோ, டிக்கெட்டோ.

நாக்கு டக்கென்று எழுந்தது.
பச்சை.
நான்கு நகல், கொஞ்சம் சாய்வாக.

பொட்டைக் குப்பையில் போட
நூர்ஜமீலாவுக்குக் கை வரவில்லை.
விரல்நுனியில் வைத்துக்கொண்டு
சமையலறை வரை போய்த் திரும்பி வந்தாள்.
பிறகு, வேறெதையோ நினைப்பவள் போல
பொத்தான்களுக்கு மேலே
பிரிண்டரின் நெற்றியில் ஒட்டிவிட்டாள்.

எதற்கும் இருக்கட்டுமென்று
ஐந்தாவது நகலுக்கு அழுத்தினேன்.
'காகிதம் இல்லை' என்றது.
தட்டை உருவிப் பார்த்தேன்.
இல்லைதான்.