மீதி

எனக்குப் பெயர் ஜெர்லின், தங்கச்சிக்கு பெர்லின்.
தேசப்படம் பார்த்து வைத்ததல்ல.
எங்கள் பக்கம் அப்படித்தான்,
வால் ஒத்துப்போனால் போதும்.

ஆரல்வாய்மொழியில் ஆடி பிறந்தால்
கணவாய் வாயைத் திறந்துவிடும்.
அம்மியும் பறக்கும் என்பார்கள்.
பறக்கிற அம்மியில் உட்கார்ந்து
வளைவு திருப்பியவள் அவள்.
கட்டில் சட்டம், தண்ணீர் மோட்டார் எஞ்சின்,
அப்பாவின் பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட
நான்கு சக்கரம், நான்கும் நான்கு வயது.
முப்பந்தலில் நான் வேலை பார்க்கும் காற்றாலைகளுக்கு நடுவே
சர்வீஸ் ரோடுதான் மைதானம்.
எண்பது மீட்டர் உயரத்தில்
பெல்ட் போட்டுத் தொங்கியபடி காது கொடுப்பேன்.
எந்த வளைவில் பயந்தாள்,
எங்கே பயப்படாமல் பொய் சொன்னாள்,
எல்லாம் எஞ்சின் சொல்லிவிடும்.

கோயம்புத்தூரில் முதல் போட்டி.
ஹெல்மெட் பெரிது. உள்ளே துவர்த்து திணித்திருந்தது.
கடைசியாக வந்தாள்.
கடைசிக்கு முந்தினவன்
அன்றிரவு வாந்தியெடுத்தானாம், அவ்வளவு துரத்தியிருக்கிறாள்.

நல்ல கார்ட் வாங்க
அம்மா குழுவில் கடன் எடுத்தாள்.
காரணம்: கறவை மாடு.
மாட்டைப் பார்க்க ஆபீசர் வந்தார்.
தொழுவத்தில் சிவப்பாய், வாலில்லாமல்,
பெட்ரோல் நாற்றத்தோடு நின்றது.
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"கறக்குமா?"
"இனிமேதான் சார்" என்றாள் அம்மா.
அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.

அதற்கப்புறம் சென்னை, மலேசியா,
பெயர் வாயில் நுழையாத ஊர்கள்.
பத்தொன்பதாம் வயதில் ஜெர்மனியில் ஒரு டீம்.
மின்சாரக் கார்.
முதல் நாள் போனில் சொன்னாள்:
"அண்ணா, சத்தமே இல்ல.
டயர் முனகது கேக்கு.
எனக்க மூச்சு கேக்கு."
எனக்குத்தான் எதுவும் கேட்காமல் போயிற்று.

எல்லாருக்கும் ஒரே அளவு கரண்டாம்.
முடியுமுன் தீர்ந்தால் நடுரோட்டில் நிற்பாய்.
முடிந்த பிறகும் மிச்சமிருந்தால்
மெதுவாக ஓட்டினாய் என்று அர்த்தம்.
வளைவுக்கு முன்பே காலை எடுக்கணும்,
எடுத்தது பின்னால் வருகிறவனுக்குத் தெரியக்கூடாது.
எட்டு மாதம் அதற்கே ஆனது.
காலை எடுக்கத் தெரியாமல்தானே
இவ்வளவு தூரம் போனவள்.

அந்த ஞாயிறு பெர்லினில் பெர்லின்.
அறிவிப்பாளர் பெயரைச் சொல்ல,
ஊரைச் சொல்வதாக நினைத்துக் கூட்டம் கைதட்டியது.
பதினான்காவதாகக் கிளம்பினாள்.
எங்கள் முன்னறையில் நிற்க இடமில்லை,
குழு ஆபீசருக்கு மட்டும் நாற்காலி.
பதினொன்று. ஒன்பது. எட்டு.
இன்னும் இரண்டு சுற்று என்றபோது
கரண்ட் போனது.

ஜன்னலுக்கு வெளியே
மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள்
ஒன்றுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தன.
யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.
சப் ஸ்டேஷனில் சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டேன்.
"லைன் ட்ரிப்பு மக்கா. காத்து கூடிப்போச்சு."
அதோடு என் போனும் அணைந்தது.

இருட்டில் இருந்தோம்.
அப்பா தன் செருப்பின் அடியை
விரலால் தடவித் தடவித் தேய்மானம் பார்த்தார்.
அம்மா மட்டும்
"அவளுக்குத் தீந்திருக்காது" என்றாள்,
எண்ணெய்க் குப்பியைப் பற்றிச் சொல்கிறவள் போல.

முக்கால் மணி நேரம் கழித்து
ஆபீசர் போனில் வந்தாள்.
எத்தனாவது என்று நான் கேட்கவில்லை.
"மீதி எவ்வளவு?"

"ஒரு சதவீதம்.
கோட்டைத் தாண்டி வளைவுல நின்னுட்டு.
தள்ளிக்கிட்டுதான் போனாங்க.
ஆறாவது.
முன்னால போனவன் எனக்கும் முந்தியே நின்னுட்டான், பாவம்."

பின்னால் ஏதோ பாஷையில் அவளைக் கூப்பிடுகிறார்கள்.
போகாமல் நின்றாள்.

"அங்க கரண்ட் வந்துட்டா?"

"இல்ல.
காத்துதான்."