வயதுக் கட்டம்

சாயல்குடியிலிருந்து மூக்கையூர் இறங்கும் சாலையில்
காவிரிக் குழாயின் வால்வு ஒன்று
மூன்று வருடமாய் ஒழுகுகிறது.
புகார் கொடுத்ததெல்லாம் மனுசர்தான்.

விடியலில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும்.
மான்கள் வடக்கே, கருவேலங்காட்டிலிருந்து வரும்.
என் பீடி நாற்றம் மீனுக்குத்தான் போய்ச் சேரும்.
சாய்ந்த பனையடியில் குத்தவைத்திருக்கிறேன்,
மடியில் வனத்துறைப் படிவம்.
தினக்கூலி.
நான்கு கட்டம்:
குட்டி. ஓராண்டு. வளர்ந்தது. தெரியவில்லை.
நாலாவது கட்டத்தில் கோடு அதிகம் விழுந்தால்
நீ தூங்கினாய் என்று அர்த்தம்,
ரேஞ்சர் சொல்லியிருக்கிறார்.

புள்ளி உதவாது.
பிறந்த அன்றைக்கும் புள்ளி, செத்துக் கிடக்கும்போதும் புள்ளி.
தாயின் வயிற்றுக்கோட்டை எட்டாத முதுகு என்றால் குட்டி.
மூக்கு குட்டை; காது மட்டும் அவசரப்பட்டு
முன்னாலேயே வளர்ந்திருக்கும்.
எந்த மாதம் பிறந்தது என்று கேட்டால் கையை விரிப்பேன்.
இதுகள் பொங்கலுக்கும் ஈனும், ஆடிக்கும் ஈனும்.
பத்து நாள் குட்டியைக் கண்ணில் காண முடியாது.
புதருக்குள் படுக்கப் போட்டுவிட்டுத்
தாய் மட்டும் தண்ணிக்கு வரும்,
பிள்ளையே பெறாதவள் மாதிரி.

இன்று பதினொன்று வந்தன.
பத்தை எழுதிவிட்டேன்.
பதினொன்றாவதற்குத் தலையில்
கொம்பு என்று சொல்ல முடியாத இரண்டு முளை,
சுண்டுவிரல் உயரம், மேலே மயிர்த்தோல்.
தாயிடம் போனான். அவள் மடியில் புதுசு ஒன்று.
காதை ஒருமுறை மடக்கினாள், அவ்வளவுதான்.
பெரிய கொம்பனிடம் போனான்.
அது தலையைத் தாழ்த்தியது. இவன்
வேறு வேலை ஞாபகம் வந்தவன்போல் திரும்பினான்.
ஓரத்தில் இவன் வயசில் இரண்டு பேர்.
நெற்றியோடு நெற்றி வைத்துத் தள்ளினார்கள்,
நோகாமல்.
சண்டையா, சேக்காளித்தனமா?
அதற்குக் கட்டம் இல்லை.

ஆறு மணிக்குத் தள்ளுவண்டிச் சத்தம்.
எட்டுக் குடத்தோடு பிரகாசியம்மாள்.
மான்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திச்
சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.
என் பக்கம் வந்து போனை நீட்டினாள்.

எல்லை தாண்டியதாய்ப் பிடித்த படகு.
நான்கு பேர் வரிசையாய், வெறும் மேலோடு.
மூன்றாவது ரெக்சன், அவள் மகன்.
"ஞானஸ்நானச் சீட்டு அனுப்பிட்டோம்.
பதினேழு முடிய இன்னும் நாப்பது நாள் கிடக்கு.
இவன் பத்தொம்பதுன்னு சொல்லிப்புட்டான்.
மணிக்கட்டைப் படம் எடுத்துப் பாக்கப் போறாங்களாம்.
நீ வயசு சொல்ற ஆளுதானே, சொல்லு."

படத்தைப் பெரிதாக்கினேன்.
தண்டலின் தோளைத் தாண்டிவிட்டது தலை.
மீசை இருக்கிறது, யாராவது ஊதினால் போய்விடும்.
கழுத்தெலும்பு துருத்தி. கை, உடம்புக்குப் பெரிசு.
மற்ற மூவரும் நேரே பார்க்கிறார்கள்;
இவன் தண்டலைப் பார்க்கிறான்.
முழங்கை அவர் முழங்கையில் ஒட்டியிருக்கிறது.

சின்னப் பையன் என்றால் பிரித்து
வேறு இடத்தில் வைப்பார்கள்.
அது அவனுக்குத் தெரிந்திருக்கும்.
அவளிடம் நான் சொல்லவில்லை.
"போட்டோவை வச்சுச் சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

கூட்டம் காட்டுக்குள் போய்விட்டது.
முளைக்கொம்பன் மட்டும் திரும்பி வந்து
வால்வில் வாய் வைத்தான்.
குடம் எடுக்கப் போனவளைத் தடுக்க
நான் கை தூக்கும் முன்னே
அவளே நின்றுவிட்டாள்.
குடித்தான்.
நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.
மறுபடி குடித்தான்.

அவன் போன பிறகு வண்டியை உருட்டிக்கொண்டே
"இதுக்கு எவ்வளவுன்னு போட்டே?" என்றாள்.

இன்னும் போடவில்லை.
உப்புக்காற்றில் பேனா முனை காய்ந்திருந்தது.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.
முதல் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்,
இன்னும் அடி நிறையாத சத்தம்.